வெட்டியும் காடு நிற்குமா? ஆப்பிரிக்க மரங்களின் கணக்கு

தங்கை வீட்டுக்கு வாசல் நிலை எடுக்கப் போன மாதம் ஒரு மரவாடிக்குப் போயிருந்தோம். உள்ளே நுழையும்போதே தேக்கு வாசம். வரிசையாக உருட்டுத் தடிகள் அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு தடியின் வெட்டுமுகத்திலும் வெள்ளை பெயின்டில் ஏதோ எண்கள். சிலவற்றில் ஆணி அடித்த சின்ன பிளாஸ்டிக் வில்லையும் இருந்தது.

“பர்மாத் தேக்கு இப்ப எங்கண்ணே வருது? இது ஆப்பிரிக்கத் தேக்கு, தூத்துக்குடியில எறங்கினது” என்றார் வாடிக்காரர்.

கூட வந்த மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது. “மச்சான், அங்க காட்டை அழிச்சுக் கொண்டாந்து நாம நிலை வைக்கணுமா?” என்று என் காதைக் கடித்தார். அது வாடிக்காரர் காதிலும் விழுந்துவிட்டது. “எல்லாம் லைசென்ஸ் மரந்தாங்க. பேப்பரோடதான் வருது” என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் பாதிதான் சரி. மரத்தில் கோடரி பட்டாலே காடு அழிந்தது என்பது ஒரு தப்பு. காகிதம் இருந்தால் பாவம் தீர்ந்தது என்பது இன்னொரு தப்பு. ஒரு காட்டிலிருந்து எத்தனை மரத்தை, எந்தப் பருமனில், எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள்? எடுத்த மரத்தின் வழியை அதன் அடிக்கட்டை வரை பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியுமா? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால்தான் மற்ற பேச்சு.

## ஒரே பெயரில் மூன்று மரம்

முதலில் பெயரைத் தெளிவாக்கிவிடலாம். சந்தையில் ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்ற பெயரில் மூன்று வெவ்வேறு மரங்கள் புழங்குகின்றன.

ஒன்று நம்ம ஊர்த் தேக்கேதான். தேக்கு ஆப்பிரிக்காவில் தானாக முளைத்த மரம் கிடையாது. இந்தியா, மியான்மர், தாய்லாந்து, லாவோஸ் பக்கம்தான் அதன் பிறந்த மண். ஜெர்மானியர் ஆண்டுகொண்டிருந்த தான்சானியாவுக்கு 1898இல் கல்கத்தாவிலிருந்து விதை போனது. நைஜீரியாவில் ஆங்கிலேயர் 1902இல் நட்டார்கள். பிறகு கானா, டோகோ, பெனின், ஐவரி கோஸ்ட் என்று தோப்புகள் பரவின. மியான்மர் 2014 ஏப்ரலில் உருட்டுத் தடி ஏற்றுமதியை நிறுத்தியதும் இந்திய வியாபாரிகளின் கண் இந்தத் தோப்புகளின் மேல் இன்னும் அழுத்தமாக விழுந்தது. ஆகவே வாடியில் கிடக்கும் ‘கானா தேக்கு’ பெரும்பாலும் யாரோ நட்டு வளர்த்த மரம். இருபது, இருபத்தைந்து வருடத்திலேயே வெட்டிவிடுவதால் வைரம் (முற்றி உறுதியான நடுப்பகுதி) குறைவாகவும் வெளிறு (முற்றாத வெளிப்பகுதி) அதிகமாகவும் இருக்கும். ஆசாரிகள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவது அதனால்தான்.

இரண்டாவது இரோகோ. நிறமும் உழைப்பும் தேக்கைப் போல இருக்கும், ஆனால் பலா குடும்பத்து மரம். மூன்றாவது அஃப்ரார்மோசியா. இது புளி, வேங்கை வகையறாவோடு சேர்ந்தது. இவை இரண்டும் பெரும்பாலும் இயற்கைக் காட்டிலிருந்தே வருகின்றன. அதிலும் அஃப்ரார்மோசியா 1992 முதல் சைட்டீஸ் பட்டியலில் இருக்கிறது. சைட்டீஸ் என்பது அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதன் இரண்டாம் பட்டியலில் இருக்கும் மரத்தை விற்கக் கூடாது என்றில்லை. ஆனால் விற்பதால் அந்த இனத்துக்குக் கேடு வராது என்று ஏற்றுமதி செய்யும் நாடு கணக்குக் காட்டி அனுமதிச் சீட்டுத் தரவேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நட்ட மரம் என்பதாலேயே அது சுத்தமான மரம் ஆகிவிடாது. தெற்கு சூடானில் ஆங்கிலேயர் காலத்தில் வைத்த தேக்குத் தோப்புகள் உண்டு. போர்க்காலத்தில் அவை கேட்பாரற்று வெட்டப்பட்டன, ஆயுதக் குழுக்கள் வழியில் சுங்கம் வாங்கிக்கொண்டன. தோப்பு மரம்தான், ஆனாலும் எந்த முறையும் இல்லாத மரம்.

## ஆட்டுப்பட்டியில் தொடங்குவோம்

காட்டு மரத்துக்குப் போகுமுன் ஒரு ஆட்டுப்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் கோயில் கொடைகளுக்குக் கிடா கேட்டு ஆள் வருகிறது, நல்ல விலை. பட்டிக்காரர் எத்தனை விற்கலாம்?

பட்டியில் நூறு தலை இருக்கிறது என்பது மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. அதில் விற்கிற பருவத்தில் எத்தனை, அடுத்த ஆடிக்குள் அந்தப் பருவத்துக்கு வளரப்போகும் குட்டி எத்தனை, நடுவில் நோயிலும் நாய் கடித்தும் சாகப்போவது எத்தனை என்று பார்க்கவேண்டும். முப்பது விற்று, முப்பது வளர்ந்து வந்தால் பட்டி நிற்கும். முப்பது விற்று, பதினைந்துதான் வளர்ந்தது என்றால் இரண்டு மூன்று ஆடியில் பட்டி காலி. இன்னொன்றும் உண்டு. கொழுத்த கிடாக்களையெல்லாம் விற்றுவிட்டுச் சவலைகளைப் பொலிக்கு வைத்துக்கொண்டால், எண்ணிக்கை குறையாமலே பட்டி இளைத்துப்போகும்.

காட்டுக் கணக்கும் இதேதான். ஒரே வித்தியாசம் காலம். குட்டி ஒரு வருடத்தில் கிடாவாகும். மத்திய ஆப்பிரிக்கக் காட்டில் ஒரு பெரிய மரம் வருடத்துக்கு ஏறக்குறைய அரை சென்டிமீட்டர்தான் பருக்கும். ஒரு மீட்டர் குறுக்களவுள்ள மரம் முளைத்தபோது வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்களோ என்னவோ, அந்தக் காலத்து மரம்.

## முப்பது துண்டாகப் பிரித்த காடு

அமேசானுக்கு அடுத்து உலகின் பெரிய மழைக்காடு காங்கோ ஆற்றுப் படுகையில் இருக்கிறது. கேமரூன், காபோன், மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு, எக்குவடோரியல் கினி, இரண்டு காங்கோக்கள் (கின்ஷாசா தலைநகராக உள்ளது பெரியது, பிரசாவில் தலைநகராக உள்ளது சின்னது) என்று ஆறு நாடுகளில் பரந்து கிடக்கிறது. காடு அரசுடையது. மரம் எடுக்கும் உரிமையை மட்டும் நிறுவனங்களுக்குப் பல வருடங்களுக்குக் கொடுக்கிறார்கள். இதைக் காட்டுக் குத்தகை என்று சொல்லலாம். கேமரூனின் 1994 வனச் சட்டம் ஒரு குத்தகையை 2 லட்சம் ஹெக்டேர் வரை அனுமதித்தது. ஒரு ஹெக்டேர் என்றால் இரண்டரை ஏக்கர். அப்படியானால் 5 லட்சம் ஏக்கர்!

குத்தகை எடுத்தவர் இஷ்டத்துக்கு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட முடியாது. முதல் மூன்று வருடத்துக்குள் காட்டை மாதிரி எடுத்து எண்ணி, மேலாண்மைத் திட்டம் எழுதி, அரசின் ஒப்புதல் வாங்கவேண்டும். திட்டத்தின் முதுகெலும்பு இரண்டு எண்கள்.

முதலாவது வெட்டுச் சுழற்சி: ஒருமுறை மரம் எடுத்த இடத்துக்கு மறுபடி எத்தனை வருடம் கழித்து வரலாம் என்பது. கேமரூனில் அது 30 வருடம். குத்தகைக் காட்டை 30 துண்டாகப் பிரித்து வருடத்துக்கு ஒரு துண்டில் மட்டும் வேலை. மீதி 29 துண்டும் சும்மா கிடக்கவேண்டும்.

இரண்டாவது குறைந்தபட்ச வெட்டு விட்டம்: இந்தக் குறுக்களவுக்குக் கீழே உள்ள மரத்தைத் தொடக்கூடாது என்ற எல்லை. இது மரத்துக்கு மரம் மாறும். கேமரூனில் அயூஸ் மரத்துக்கு 80 சென்டிமீட்டர், மகோகனி உறவான சப்பெல்லிக்கு 100. காபோனின் புகழ்பெற்ற ஒட்டுப்பலகை மரமான ஒகூமேக்கு 70.

இந்த இரண்டு எண்ணும் சேர்ந்தால் பட்டிக்காரர் போட்ட கணக்கு வரும். விளக்கத்துக்காக நானே எண்களைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு வருடத் துண்டில் 100 செ.மீ.க்கு மேல் 40 சப்பெல்லி நிற்கிறது. எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம். 30 வருடத்தில் மரம் 15 செ.மீ. பருக்கும். ஆகவே இன்று 85 முதல் 100 செ.மீ. வரை இருப்பவைதான் அடுத்த முறைக்கு ஆகும். அப்படி 24 மரம் இருக்கிறது என்று வையுங்கள். காற்று, பூஞ்சை, மின்னல் என்று வருடத்துக்கு நூற்றில் ஒன்று சாகும். முப்பது வருடம் கழித்து மிஞ்சுவது 18. நாற்பது எடுத்த இடத்தில் பதினெட்டு. அதாவது 45 சதவீதம். இந்தச் சதவீதத்துக்கு மீட்சி விகிதம் என்று பெயர்.

இப்போது எல்லையை 110 செ.மீ.க்கு உயர்த்திப் பாருங்கள். நாற்பதில் 18 மரம் 100க்கும் 110க்கும் இடையில் இருந்தது என்றால், வெட்டுவது 22 மட்டும். அடுத்த முறைக்கு வளர்ந்து வரப்போகிறவை 95 முதல் 110 வரை உள்ளவை. அந்தப் பதினெட்டோடு கீழிருந்து ஒரு எட்டு, ஆக 26. சாவு போக 19. இருபத்திரண்டுக்குப் பத்தொன்பது, 86 சதவீதம். பத்தே சென்டிமீட்டர்தான், விகிதம் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. நல்ல வனவியலாளர்கள் நிறுவனங்களோடு சண்டை போடுவது பெரும்பாலும் இந்தப் பத்து சென்டிமீட்டருக்காகத்தான்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: காட்டை மொட்டையடிப்பது இந்த முறையில் இல்லை. ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றிரண்டு மரம்தான் எடுக்கிறார்கள். அந்த ஒன்றிரண்டும் திரும்ப வளருமா என்பதை மீட்சி விகிதம் சொல்கிறது.

## விழும் மரமும் திறக்கும் பாதையும்

ஹெக்டேருக்கு ஒரு மரம்தானே, என்ன கெட்டுவிடும் என்று தோன்றும். ஐம்பது மீட்டர் உயர மரம் ஒன்று சாய்வதைக் கற்பனை செய்யுங்கள். மழைக்காட்டில் மரத்துக்கு மரம் தடித்த கொடிகள் கட்டிப்போட்டிருக்கும். ஒன்றைச் சாய்த்தால் கொடி பக்கத்து மூன்றையும் பிடுங்கிக்கொண்டு வரும். அதன் பிறகு அந்தத் தடியை இழுத்துப்போக புல்டோசர் குறுக்கும் நெடுக்குமாகப் போனால், வெட்டிய ஒரு மரத்துக்கு நசுங்கிய கன்றுகள் எத்தனையோ.

இதைத் தவிர்க்கும் பழக்கங்களின் தொகுப்புக்குத் தாக்கம் குறைந்த வெட்டு என்று பெயர். மாதங்களுக்கு முன்பே கொடிகளை அறுத்துக் காயவிடுவது, கன்றுகள் இல்லாத பக்கமாகப் பார்த்துச் சாய்ப்பது, இழுவைப் பாதைகளை முன்கூட்டியே வரைபடத்தில் போட்டு அதிலேயே போய்வருவது, ஓடைக் கரைகளை விட்டுவிடுவது, விதை கொடுக்கும் நல்ல மரங்களில் சிலவற்றைக் குறிபோட்டு நிறுத்துவது. சவலையைப் பொலிக்கு வைக்காதே என்ற அதே புத்திதான். இதில் எதுவும் பெரிய விஞ்ஞானம் இல்லை. ஆனால் நேரமும் கூலியும் ஆகும். கூலியை மிச்சம் பிடிக்கும் நிறுவனம் முதலில் கைவைப்பதும் இதில்தான்.

மரத்தைவிடப் பெரிய விஷயம் பாதை. தடி ஏற்றிய லாரி போகப் போட்ட செம்மண் சாலை, லாரி போன பிறகும் இருக்கும். அதன் வழியே துப்பாக்கியும் கண்ணியும் உள்ளே போகும், குரங்கும் மானும் மூட்டையாக வெளியே வரும். யானைத் தந்தம்கூட. அதனால் வேலை முடிந்த பாதையை மண் மேடு போட்டு, பாலத்தைப் பிரித்து அடைப்பதும், வாகனங்களில் காட்டிறைச்சி ஏற்றுவதைத் தடுப்பதும், வேலையாட்களுக்கு வேறு இறைச்சி கிடைக்கச் செய்வதும் நல்ல மேலாண்மையின் பகுதிகள்.

இதனால் பலன் உண்டா? 2024இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்த ஒரு ஆய்வு நேரடியாகவே பதில் சொன்னது. காபோனிலும் பிரசாவில் காங்கோவிலும், காட்டை முறையாக நடத்துவதாக வெளி அமைப்பின் சான்று பெற்ற ஏழு குத்தகைகள், பெறாத ஏழு குத்தகைகள் என்று பதினான்கு இடங்களில் தானியங்கிக் கேமராக்களைக் கட்டி, 13 லட்சம் படங்களுக்கு மேல் பார்த்தார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள விலங்குகள், அதாவது யானை, கொரில்லா போன்றவை, சான்று பெற்ற இடங்களில் 2.7 மடங்கு அதிகமாகக் கேமராவில் பட்டன. எலி, அணில் அளவு விலங்குகளில் பெரிய வித்தியாசம் இல்லை. வேட்டைக்காரன் குறிவைப்பது பெரிய உடம்பைத்தானே.

## காட்டில் ஆள் இருக்கிறார்கள்

காடு என்றதும் ஆளில்லாத பச்சையை நினைத்துக்கொள்வது நம் பழக்கம். பிரசாவில் காங்கோவின் வடக்கே உள்ள காட்டில் ம்பெஞ்செலே மக்கள் காலங்காலமாக வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்கிறார்கள். சப்பெல்லி மரம் அவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை. மழைக்காலத்தில் அதன் உச்சியில் இலை தின்று கொழுத்த கம்பளிப்புழுக்கள் கீழே இறங்கும், ஊரே கூடைகளோடு போய்ப் பொறுக்கும். புரதம் நிறைந்த உணவு, விற்றால் காசு. அந்தச் சப்பெல்லியேதான் ஐரோப்பாவுக்குக் கதவாகவும் போகிறது.

அங்கே குத்தகை எடுத்திருந்த சி.ஐ.பி. என்ற மர நிறுவனம், அப்படியொரு வெளிச்சான்றான எஃப்.எஸ்.சி.க்கு முயன்றபோது இந்தச் சிக்கலைத் தீர்க்கவேண்டி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் காட்டின் எந்த மரம் தங்களுக்கு வேண்டும் என்று எப்படிச் சொல்வார்கள்? மானிடவியலாளர்களின் உதவியோடு ஒரு கைக்கருவி செய்தார்கள். திரையில் எழுத்தே கிடையாது, படங்கள் மட்டும்: புழு, கல்லறை, தேன், மூலிகை. காட்டில் நடந்துபோய் மரத்தடியில் நின்று படத்தைத் தொட்டால், செயற்கைக்கோள் உதவியோடு கருவி அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளும். அப்படிக் குறித்த மரங்களை வரைபடத்தில் தனியே காட்டி வெட்டாமல் விட்டார்கள். அந்த நிறுவனத்தின் கபோ குத்தகை 2006இல் சான்று பெற்றது. இந்தப் பாடு முழுக்கத் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ‘உள்ளூர் மக்களைக் கலந்தாலோசிப்பது’ என்று அறிக்கைகளில் வரும் வறட்டுச் சொல்லுக்கு நடைமுறையில் என்ன உருவம் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

எண்ணுக்குள் அடங்காத இன்னொரு சிக்கல் மோவாபி மரம். அதன் விதையிலிருந்து கிராமத்துப் பெண்கள் சமையல் எண்ணெய் எடுக்கிறார்கள், யானைகள் பழத்தைத் தின்று விதையைச் சுமந்துபோகின்றன. இந்த மரம் காய்க்கத் தொடங்குவதே 70 செ.மீ. பருமனுக்குப் பக்கத்தில். வெட்டு எல்லையை எங்கே வைத்தாலும் காய்த்துக்கொண்டிருக்கும் மரம்தான் போகும். காபோன் 2009இல் மோவாபி உட்பட ஐந்து மர இனங்களை 25 வருடத்துக்கு வெட்டக் கூடாது என்று தீர்மானித்தது.

வேடிக்கையான மறுபக்கமும் ஒன்று உண்டு. ஒகூமே போன்ற பல விலைமதிப்புள்ள மரங்கள் வெளிச்சம் கேட்பவை. நிழலில் அவற்றின் கன்று தேறாது. இன்று நிற்கும் பெரிய மரங்களில் நிறைய, சுமார் 150 வருடங்களுக்கு முன் மக்கள் விவசாயம் செய்துவிட்டுப் போன வெட்டவெளிகளில் முளைத்தவை என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். பிறகு காலனி அரசுகள் கிராமங்களைச் சாலையோரத்துக்கு நகர்த்திவிட்டன, காடு மூடிக்கொண்டது. இப்போது ஹெக்டேருக்கு ஒரு மரம் எடுப்பதால் திறக்கும் வெளிச்சம் அந்தக் கன்றுகளுக்குப் போதவில்லை. அதாவது தொடாமல் விடுவதாலேயே அந்த மரம் பெருகிவிடாது. சில இடங்களில் நாற்று நட்டுத்தான் ஆகவேண்டும்.

## காட்டை உண்மையில் தின்பது எது

மாப்பிள்ளையின் பயத்துக்கு இங்கே பதில் சொல்லிவிடலாம். ஆப்பிரிக்காவில் வெட்டப்படும் மரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அடுப்புக்குப் போகிறது, விறகாகவும் கரியாகவும். காங்கோ படுகையில் 2000 முதல் 2014 வரை காடு குலைந்த பரப்பில் 84 சதவீதம் சிறு விவசாயிகள் வெட்டி எரித்துப் பயிர் வைத்ததால் என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டார்கள். கின்ஷாசா மாதிரிப் பெருநகரத்தில் மின்சாரமோ கேஸோ எட்டாத வீட்டில் உலை கொதிக்கக் கரிதான் வழி. அதைக் குற்றம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏற்றுமதி மரம் இதில் அப்பாவி இல்லை. அது போட்ட பாதையில்தான் கரி சுடுபவரும் விவசாயியும் உள்ளே போகிறார்கள். ஆனாலும் மரத்தால் வருமானமே இல்லை என்றானால், அதே காட்டை எண்ணெய்ப் பனைக்கோ கோகோவுக்கோ மொத்தமாகச் சாய்க்கும் ஆசை அரசுகளுக்கு வரும். வருமானம் உள்நாட்டில் நிற்கவேண்டும் என்றுதான் காபோன் 2010இல் உருட்டுத் தடி ஏற்றுமதியை அடியோடு நிறுத்தியது. தலைநகர் லிப்ரவில்லுக்குப் பக்கத்தில் ந்கோக் தொழில் மண்டலத்தில் அறுவை ஆலைகளும் ஒட்டுப்பலகை ஆலைகளும் வந்தன. இந்திய முதலாளிகளும் நிறையப் பேர் அங்கே இருக்கிறார்கள். தடி ஏற்றுமதித் தடை என்பது வேலைவாய்ப்புக்கான சட்டம். அதைக் காட்டுப் பாதுகாப்புச் சட்டம் என்று நம் செய்தித்தாள்கள் சில நேரம் எழுதிவிடுகின்றன.

## லைசென்ஸ் வேறு, சான்று வேறு

இப்போது வாடிக்காரர் சொன்ன ‘லைசென்ஸ் மரம்’. டிரைவிங் லைசென்ஸ் வைத்திருப்பவர் எல்லாரும் நன்றாக ஓட்டுகிறார்களா? லைசென்ஸ் என்பது ஒன்று. நன்றாக ஓட்டுவது இன்னொன்று. வெளியாள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, ஆமாம் நன்றாகத்தான் ஓட்டுகிறார் என்று கையெழுத்துப் போடுவது மூன்றாவது. மரத்தில் இவை முறையே சட்டப்படியான மரம், நிலைத்த முறையில் எடுத்த மரம், சான்று பெற்ற மரம்.

முதலாவது மட்டும் போதாது என்பதற்கு லைபீரியா சாட்சி. அங்கே அதிபர் சார்லஸ் டெய்லர் ஆட்சியில் மரம் விற்ற காசு துப்பாக்கியாக மாறியது. அரசே அனுமதித்த வியாபாரம்தான். ஐ.நா. பாதுகாப்பு அவை 2003இல் லைபீரிய மரத்துக்குத் தடை போட்டு, வனத்துறையைச் சீர்திருத்திய பிறகு 2006இல்தான் எடுத்தது. அப்படியும் 2012இல் இன்னொரு கூத்து வெளிவந்தது. சிறு நில உரிமையாளர்களுக்கென்று இருந்த ஒரு வகை அனுமதிச் சீட்டைப் பயன்படுத்தி, நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ கால் பங்கை மர நிறுவனங்களுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்கள். முத்திரையோடு, கையெழுத்தோடு.

சான்று தருவதில் பெயர் பெற்றவை இரண்டு: 1993இல் தொடங்கிய எஃப்.எஸ்.சி., 1999இல் வந்த பி.இ.எஃப்.சி. இவை அரசு அமைப்புகள் இல்லை. விதிகளை எழுதிவைக்கும், தனித் தணிக்கையாளர்கள் வருடா வருடம் காட்டுக்குப் போய்ப் பார்த்துச் சான்று தருவார்கள். அந்தத் தணிக்கையாளருக்குச் சம்பளம் தருவது தணிக்கைக்கு உள்ளாகும் நிறுவனமே என்பது நியாயமான குறை. எந்தச் சான்றும் கடவுள் வாக்கு இல்லை. ஆனாலும் கேமராக்கள் காட்டிய வித்தியாசம் உண்மை. காபோன் 2018இல் எல்லாக் குத்தகைகளும் 2022க்குள் எஃப்.எஸ்.சி. பெறவேண்டும் என்று அறிவித்தது. கெடு பின்னால் தள்ளிப்போனது.

சுருக்கமாக இந்தப் பகுதி: சட்டம் என்பது குறைந்தபட்ச வாசல்படி. மீட்சி விகிதமும் பாதையும் மக்களும் சரியாக இருந்தால் நிலைத்தது. அதை வெளியாள் பார்த்துச் சொன்னால் சான்று.

## அடிக்கட்டையிலிருந்து கதவு வரை

நகையில் ஹால்மார்க் எண் இருக்கிறதே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்திலும் அதேபோல் ஒன்று உண்டு. முறையாக வேலை செய்யும் குத்தகையில் வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து வரைபடத்தில் குறிக்கிறார்கள். சாய்த்ததும் அதே எண் அடிக்கட்டையிலும், தடியிலும், லாரி கொண்டுபோகும் சீட்டிலும் ஏறும். ஒரு மரத்தை மூன்று தடியாக வெட்டினால் எண்ணோடு 1, 2, 3 என்று வால் சேரும். துறைமுகத்தில் தடியைப் பார்த்து, எந்த அடிக்கட்டை என்று காட்டில் போய் விரலால் தொட முடியவேண்டும். இப்படி மரம் கைமாறும் ஒவ்வொரு படியிலும் தொடர்பு அறாமல் பதிவதைக் கைமாற்றுச் சங்கிலி என்கிறார்கள். வாடியில் பார்த்த வெள்ளை எண்களும் வில்லைகளும் இந்த வகைதான்.

நகையை உருக்கினால் எண் போய்விடும். தடியை அறுத்தாலும் அப்படியே. அதனால் ஆலைக்குள் எண்ணை விட்டுவிட்டுக் கன அளவைப் பிடிக்கிறார்கள். ஆப்பிரிக்க ஆலைகளில் நூறு கன மீட்டர் தடி போனால் முப்பது நாற்பது கன மீட்டர் பலகை வரும், மீதி தூளும் சிம்பும். நூறு வாங்கி எழுபது விற்றதாக ஒரு ஆலையின் கணக்கு சொன்னால், அந்த அதிகப்படி எங்கிருந்து வந்தது என்று கேட்கவேண்டும். வேறெங்கோ திருட்டுத்தடி உள்ளே வந்திருக்கிறது.

சங்கிலி அறும் இடம் பெரும்பாலும் காடு இல்லை, காகிதம். கெவாசிங்கோ என்று ஒரு மரம், செந்நிறத்தில் அலையலையான ரேகை, சீனாவில் மேசைப் பலகைக்குக் கொள்ளை விலை. 2017 தொடக்கத்தில் சைட்டீஸ் பட்டியலில் ஏறியது. காபோன் 2018இல் அதை வெட்டவே தடை போட்டது. 2019இல் லிப்ரவில்லுக்கு அடுத்த ஒவெண்டோ துறைமுகத்தில் கெவாசிங்கோ நிரப்பிய கன்டெய்னர்களைப் பிடித்தார்கள். வெளிச் சீட்டில் ‘ஒகூமே’ என்று எழுதியிருந்தது. பிடித்துப் பூட்டிவைத்ததில் 353 கன்டெய்னர்கள் காணாமல் போய்விட்டன! மே மாதம் துணை அதிபரும் வனத்துறை அமைச்சரும் பதவி நீக்கப்பட்டார்கள். ஒரு சொல்லை மாற்றி எழுதியதுதான் மொத்தத் தந்திரமும்.

நமக்குத் தெரிந்த முகம் ஒன்றும் இந்தக் கதையில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிகளில் கோசோ என்ற மரம் வளர்கிறது, நம் வேங்கைக்கும் செம்மரத்துக்கும் அதே பேரினம். மாடுகளுக்குத் தழை அதுதான். சீனத்துச் சிவப்பு மர நாற்காலி மோகத்தில் கானா, நைஜீரியா, காம்பியா என்று ஊர் ஊராகக் காலியானது. சைட்டீஸ் 2022இல் வணிகத்தையே நிறுத்திவைக்கும் அளவுக்குப் போனது. ஆந்திர எல்லையில் செம்மரம் வெட்டப் போய் மாட்டும் கூலிகளின் செய்தியை வாசித்தவர்களுக்கு இதன் மீதிக் கதை சொல்லாமலே புரியும். அங்கேயும் கீழ்க்கூலி வாங்கியவர்தான் முதலில் மாட்டுகிறார்.

வாங்கும் நாடுகளும் இப்போது கேள்வி கேட்கின்றன. அமெரிக்கா 2008இல் தன் பழைய லேசி சட்டத்தைத் திருத்தி, திருட்டு மரம் வாங்குவதையும் குற்றமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 மார்ச் முதல், எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் பார்க்காமல் மரத்தைச் சந்தையில் இறக்கக் கூடாது.

## மரவாடியில் என்ன கேட்பது

நிலை ஒன்று வாங்கப் போனவர் இத்தனையையும் தலையில் சுமக்கவேண்டியதில்லை. ‘ஆப்பிரிக்கத் தேக்கு’ என்றால், எந்த நாடு, தோப்பா காடா, மரத்தின் அறிவியல் பெயர் என்ன என்று கேட்டால் பாதி விஷயம் தெளிந்துவிடும். அறிவியல் பெயரைக் கேட்க வெட்கப்படவேண்டாம். இறக்குமதிக் காகிதத்தில் அது இருக்கும். பலகையோ ஒட்டுப்பலகையோ எஃப்.எஸ்.சி. என்று விற்றால், முத்திரையில் உள்ள உரிம எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். ‘மிக்ஸ்’ என்று போட்டிருந்தால் அதில் சான்று பெறாத மரமும் கலந்திருக்கலாம் என்று பொருள், அந்தக் கலப்பு மரத்துக்கும் சில வடிகட்டல் விதிகள் உண்டு. இடித்த வீட்டு மரம் கிடைத்தால் இந்தக் கேள்வி ஒன்றுகூட வேண்டாம், வைரமும் பழுத்திருக்கும். ஆனால் நிலைக்கு ஏற்ற நீளத்தில் கிடைப்பதுதான் கஷ்டம்.

எங்கள் வாடிக்காரர் முதலில் கொஞ்சம் முறைத்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துப் போட்டார். மரத்தில் பூச்சி, நோய் இல்லை என்று கானா அரசு தந்த சான்று. ‘டெக்டோனா கிராண்டிஸ்’ என்று தட்டச்சு செய்திருந்தது, அதாவது அசல் தேக்கு. எந்தத் தோப்பு என்று அதில் இல்லை. “இத்தனை வருசத்துல இதைக் கேட்ட மொத ஆளு நீங்கதாண்ணே” என்றார். அடுத்த லோடுக்குத் தோப்புப் பேரும் கேட்டு வைக்கச் சொன்னேன், தலையாட்டினார்.

நாங்கள் பேசி முடிப்பதற்குள் பையன்கள் எங்கள் தடியை ரம்பத்துக்கு உருட்டிவிட்டார்கள். முதல் வேலையாக வெடித்திருந்த முனையைத் துண்டித்தார்கள். வெள்ளை எண்ணும் வில்லையும் இருந்த வட்டம் தனியாகக் கழன்று தூளில் விழுந்தது. அதைத் தட்டி எடுத்து வண்டியின் முன்பக்கம் வைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை மாப்பிள்ளை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.